குழு வழக்கும் சமஷ்டிக் கோர்ட்டும்

ஒருவருக்கு நேர்ந்த நஷ்டம் அற்பமாயின், அதற்கெனத் தனியே வழக்காடுதல் கட்டுப்படியாகாது. ஆகையால் அமெரிக்காவில், ஒரே வகை நஷ்டமடைந்த பலருக்காக ஒருவர் முன்னின்று வழக்குத் தொடரச் சட்டம் இடந்தருகிறது. இதுவே குழு வழக்கு.

அங்கே ராஜ்யந்தோறும் தனிக் கோர்ட்டுகள் உண்டு. தேசம் முழுமைக்கும் சமஷ்டிக் கோர்ட்டுகள் உண்டு. பிரதிவாதிக் கம்பெனிகள் பெரும்பாலும் சமஷ்டிக் கோர்ட்டையே விரும்பும். ராஜ்யக் கோர்ட்டில் தொடுத்த குழு வழக்கை அங்கு மாற்றுதற்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வழியை எளிதாக்கிற்று. அதன் விதிகள் வருமாறு: குழுவில் 100 பேருக்குக் குறையலாகாது, அனைவர் கோரிக்கையும் கூட்டினால் 50 லட்சம் டாலருக்கு மேற்பட வேண்டும், குழுவினருள் ஒருவரேனும் பிரதிவாதி ஒருவரினின்றும் வேறு ராஜ்யத்தவராயிருத்தல் வேண்டும். பிராது சார்வான 30 நாட்களுக்குள், பொதுவாக, மாற்ற அறிவிப்பைத் தாக்கல் செய்தல் வேண்டும். ஏனைய பிரதிவாதிகளின் சம்மதம் தேவையில்லை. எனினும், குழுவினருள் மூன்றில் இரண்டு பங்கினரும் முதன்மைப் பிரதிவாதிகளும் வழக்குத் தொடுத்த ராஜ்யத்தவரேயாயின், சமஷ்டிக் கோர்ட்டு விசாரியாது.

ஆர்க்கன்ஸாஸ் ராஜ்யத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியொன்றின் மீது குழு வழக்குத் தொடுத்த ஒருவர், மாற்றத்தைத் தடுக்கக் கருதி, குழுவின் பொருட்டு 50 லட்சத்துக்கு மேல் கோருவதில்லையென எழுதிக் கொடுத்தார். 2013-இல் சுப்ரீம் கோர்ட்டு, அவ்வுறுதிமொழி மாற்றத்தைத் தடுக்காது எனத் தீர்ப்பளித்தது. குழுவைக் கோர்ட்டு அங்கீகரிக்குமுன், முன்னிற்பவர் தம் கோரிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். வாராதோர் உரிமையைக் குறைத்தல் ஆகாது என்பதே அதன் சாரம்.

பலர் பொருட்டு ஒருவர் கையொப்பமிடும் சங்கத்தினராகிய நமக்கு, இந்நியாயம் எளிதில் விளங்கும்.