வெயில் அடிக்கும்போதே புல்லை உலர்த்து!

பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தில் 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்றொரு சொலவடை வரும். 1546-ல் ஜான் ஹேவுட் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கிறது. வாய்ப்பு இருக்கும்போதே காரியத்தை முடித்துக்கொள் என்று பொருள். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றால் பாவூர்சத்திரத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வாரி அடிக்கும் பகுதி அல்லவா! ஓணத்துக்குக் காய் வாங்கக் கேரள வியாபாரிகள் சந்தைக்கு வரும் நாளில் பறிப்பைத் தள்ளிப்போடுகிறவரிடமும் இதையேதான் சொல்வார்கள். அடிக்கடி மழை பெய்யும் இங்கிலாந்தில் வெயில் அருமை. அதனால் அவர்கள் வெயிலைச் சொன்னார்கள்.

ஆனால், 'ஹே' என்பதை வைக்கோல் என்றே பலரும் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. நெல்மணியை அடித்து எடுத்தபின் மிஞ்சும் தாள்தான் வைக்கோல். அதில் புரதம் 3 முதல் 5 சதவீதம்தான். 'ஹே' என்பது பூக்கும் பருவத்தில் பச்சையாக அறுத்து, நிறம் மாறாமல் காயவைத்த உலர்புல். சத்தில் வைக்கோலைவிட எவ்வளவோ மேல். கோடையில் பச்சைத் தீவனம் இல்லாமல், விலை கொடுத்து வைக்கோல் கட்டு வாங்கியும் பால் குறைகிறதே என்று தவிக்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு காசு விஷயம்.

கோ.எஃப்.எஸ். 29 தீவனச் சோளம் போட்டிருப்பவர்கள் தை, மாசி வெயிலில் இதைச் செய்து பார்க்கலாம். பாதிப் பயிர் பூத்ததும், காலைப் பனி விலகிய பிறகு அறுங்கள். இளம் சோளத்தில் மாட்டைக் கொல்லும் நச்சு இருக்கும் என்பதால் முன்கூட்டி அறுக்கவே கூடாது. அறுத்ததை மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். இலை சீக்கிரம் காயும், தண்டு காயத் தாமதமாகும். தண்டை லேசாக நசுக்கிப் போட்டால் இரண்டும் ஒன்றாகக் காயும். இலை நொறுங்கும்வரை விட்டால் சத்து தரையில் கொட்டிப்போகும். தண்டை முறுக்கினால் சாறு கசியக் கூடாது. ஈரப்பதம் 15 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

அவசரப்பட்டு ஈரத்தோடு படப்பு போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். மேலை நாடுகளில் இப்படிப் போட்ட புல் தானாகவே தீப்பிடித்ததும் உண்டு. தரையில் படாமல் பலகையோ கம்போ பரப்பி, கூரைக்குக் கீழே அடுக்குங்கள். முதல் இரண்டு வாரம் படப்புக்குள் கைவிட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் பிரித்து மறுபடி காயப்போடுங்கள். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்குக் காட்டாமல் எருக்குழியில் தள்ளிவிடுங்கள்.