புகையை விட்டவர் பருப்பது ஏன்?

என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் ஒரு பெட்டி சிகரெட் புகைத்து வந்தார். இருமல் முற்றியது, மருத்துவர் கண்டித்தார், அன்றே அவர் சிகரெட்டை விட்டொழித்தார். மூன்று மாதங்களில் இருமல் நின்றது. ஆனால் சட்டைப் பொத்தான் பூட்ட மறுத்தது. ஆசிரியர் அறையில் அவருடைய தொந்தியைக் காட்டி நகைத்தோம். நாணமுற்ற அவர் மீண்டும் சிகரெட்டை எடுத்தார். நகைத்தவர்களுள் நானும் ஒருவன். உடலின் இயல்பை அன்று அறிந்திருந்தேனாயின் நகைத்திருக்க மாட்டேன். மாணவர்களே, அவ்வியல்பை இன்று நீங்களேனும் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் என்பன உள்ளன. இவை சுரக்கும் பொருள்கள் நேரே இரத்தத்தில் கலந்து, அஞ்சற்காரர் கடிதம் கொண்டு செல்வதுபோல், ஓர் உறுப்பின் செய்தியை மற்றோர் உறுப்புக்குக் கொண்டு செல்கின்றன. இப்பொருள்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் வழங்கியவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர்.

சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். புலியைக் கண்டு ஒருவன் அஞ்சும்போது இவை அட்ரினலினைச் சுரக்கின்றன. உடனே இதயம் விரைந்து துடிக்கிறது. சேமித்து வைத்த கொழுப்புக் கரைந்து இரத்தத்தில் சேருகிறது. புகையிலையிலுள்ள நிகோட்டின் செய்வது யாது? புலி வராமலே ‘புலி வருகிறது’ என்று கூவிய இடையன் கதை உங்களுக்குத் தெரியும். நிகோட்டினும் அவ்வாறே பொய்க்கூச்சல் இடுகிறது. உடல் அதனை நம்பி வீணே எரிபொருளைச் செலவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் நடத்தப்பட்டு 1986ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 24 சிகரெட் புகைத்தவர்களின் உடல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகுதியாக ஆற்றலைச் செலவிட்டது என்று கண்டனர். அது சுமார் 200 கலோரி. நான்கு இட்லிகளின் அளவு எனலாம்.

மேலும், மூளையின் அடியில் ஹைப்பொதலாமஸ் என்னும் சிறு பகுதி இருக்கிறது. பசியும் நிறைவும் அங்கே ஆளப்படுகின்றன. ‘வயிறு நிறைந்தது’ என்று அறிவிக்கும் நரம்பணுக்களை நிகோட்டின் தூண்டுகிறது என்று 2011ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் கண்டனர்.

புகையை நிறுத்தியதும் பொய்க்கூச்சல் ஓய்கிறது. செலவு குறைகிறது, பசி பெருகுகிறது, மங்கியிருந்த சுவையும் மணமும் திரும்புகின்றன. சிகரெட்டைத் தேடிய கை முறுக்கைத் தேடுகிறது. செலவு குறைந்து வரவு மிகுந்தால் இருப்பு ஏறுவது இயல்பன்றோ! 2012ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புகையை விட்டவர் ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ வரை பருத்தனர் எனத் தெரிந்தது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே ஏறியது. எல்லாரும் பருக்கவில்லை, ஆறில் ஒருவர் மெலிந்தனர்.

இந்த அச்சத்தை வணிகரும் பயன்படுத்தினர். 1920களின் இறுதியில், அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டின் விளம்பரங்கள், இனிப்புக்கு மாறாகத் தம் சிகரெட்டை நாடுமாறு பெண்களை அழைத்தன. உடல் மெலிய வேண்டும் என்ற ஆசையே அங்குத் தூண்டில் ஆயிற்று.

ஆனால் புகைப்பவரின் மெலிவு நலத்தின் அடையாளம் அன்று. புகை இன்சுலின் என்னும் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. கொழுப்பை வயிற்றினுள் தேக்குகிறது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. புகையை விட்டுப் பெரிதும் பருத்தவர்க்குச் சில ஆண்டுகள் நீரிழிவு அபாயம் மிகுந்தது உண்மையே. ஆயினும், எடை ஏறினும் ஏறாவிடினும், தொடர்ந்து புகைத்தவரைவிட அவர்கள் இறக்கும் அபாயம் குறைந்தே இருந்தது. ஏறிய எடையை நடந்தும் அளவோடு உண்டும் இறக்கலாம். புற்றுநோய் தின்ற நுரையீரலை அவ்வாறு மீட்க இயலுமோ?

ஆதலின் மாணவர்களே, நீங்கள் புகையைத் தொடவே வேண்டா. உங்கள் தந்தையாரோ, மாமாவோ அதனை விட்டால், முதல் மூன்று மாதங்கள் அவர்தம் தொந்தியைப் பார்த்து நகையாதீர்கள். மாலையில் அவரோடு சிறிது தூரம் நடந்து செல்லுங்கள். நான் என் நண்பருக்குச் செய்யத் தவறியது அதுவே.