கண்ணுக்குப் புலப்படாத கடைக்காரர்

ஓடைப்பட்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் திராட்சைக்குப் பெயர் பெற்றவை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்கொடியை 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பர். அயலிலிருந்து வந்ததை நம் மக்கள் தம் உழைப்பால் தமதாக்கிக் கொண்டனர். இன்று கைப்பேசி வழியாக நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கும் இணையவழி வணிகத்தையும் அவ்வாறே நமதாக்கிக் கொள்வோமா? அன்றி, அது நம்மைத் தனதாக்கிக் கொள்ள விட்டுவிடுவோமா?

நம் ஊர் மளிகைக் கடைக்காரர் நம்மை அறிவார். நாமும் அவரை அறிவோம். திராட்சை வெட்டிப் பணம் வரும்வரை பொறுத்திருந்து, கடனைப் பற்றுவரவு ஏட்டில் எழுதிக் கொள்வார். புதிய கடையும் நம்மை அறியும். ஆனால் அதனை நாம் அறிய இயலாது. எந்தப் பொருளைத் தேடினோம், எதனை எவ்வளவு நேரம் பார்த்தோம், எதனை வேண்டாமென விட்டோம் என்பதையெல்லாம் அது குறித்து வைக்கிறது. எண்ணற்றோரின் பழக்கங்களோடு அவற்றை ஒப்பிட்டு, அடுத்து நாம் எதனை விரும்பக் கூடும் என்று செயற்கை நுண்ணறிவு கணிக்கிறது. ஆகவேதான் ஒரே வீட்டில் இருவர் அதே கடையைத் திறந்தாலும், அவரவர்க்கு வெவ்வேறு பொருள்கள் முன்னே நிற்கின்றன. 2016இல் வந்த யு.பி.ஐ. முறையால் பணம் செலுத்துவதும் நொடிப் பொழுதில் முடிகிறது. ஆசைக்கும் செலவுக்கும் இடையே முன்பு இருந்த சிந்திக்கும் நேரம் மறைந்து வருகிறது.

இதனால் நன்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் 2007ஆம் ஆண்டிலேயே மின்னணு முறைக்கு மாறியது. சிறு வணிகரும் பெரு நிறுவனங்களுக்கு ஈடாக இணையத்தில் விற்பதற்கென ஓ.என்.டி.சி. என்னும் பொது வலையமைப்பு உருவாக்கப்பட்டு, 2022இல் கோயம்புத்தூர் உள்ளிட்ட 5 நகரங்களில் வெள்ளோட்டம் கண்டது. எனினும், பறித்த திராட்சை காத்திருக்காது. குளிர்பதனக் கிடங்கும், நல்ல பெட்டியும், விரைந்து செல்லும் வண்டியும் இல்லையேல் கைப்பேசி மட்டும் உழவனுக்கு உரிய விலையை ஈட்டித் தராது.

சில கடைகள் சூழ்ச்சியும் செய்கின்றன. "இன்னும் இரண்டே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், உறுப்பினர் கட்டணத்தை நிறுத்தும் வழியை மறைப்பதும் இவ்வகையின. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஏமாற்றப்பட்டோர் 1915 என்ற எண்ணில் முறையிடலாம்.

சட்டம் ஏமாற்றத்தைத் தடுக்கும்; பேராசையைத் தடுக்காது. பொருள் வாங்குவது வெறும் பொருளாதாரச் செயலன்று, அறநெறி சார்ந்த செயலுமாகும் எனத் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2009ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். 1891இல் தொழிற்புரட்சி எழுப்பிய கேள்விகளைத் திருத்தந்தை 13ஆம் லெயோ எதிர்கொண்டதைப் போல, செயற்கை நுண்ணறிவு எழுப்பும் கேள்விகளைத் திருச்சபை இன்று எதிர்கொள்ள வேண்டும் என்பதைத் தம் பெயர்த் தேர்வுக்குக் காரணமாக 2025இல் திருத்தந்தை 14ஆம் லெயோ எடுத்துரைத்தார்.

குடும்பங்களில் நாம் செய்யக்கூடியவை எளியவையே. விரும்பிய பொருளை உடனே வாங்காது, ஓர் இரவு பொறுத்திருப்போம். பெருஞ்செலவைக் கணவனும் மனைவியும் கலந்து பேசி முடிவு செய்வர் என்பதை வழக்கமாக்குவோம். பணம் செலுத்தும் இரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கொடாதிருப்போம். இல்லாத நாளில் நமக்குக் கடன் கொடுத்தவரிடமே, கையில் பணம் உள்ள நாளிலும் வாங்குவோம், அது நன்றிக்கடன்.

கவாத்துச் செய்யாத கொடியில் தழை மிகும், கனி குறையும் என்பதை நம் உழவர் நன்கறிவர். நம் ஆசைகளுக்கும் அந்தக் கத்தரிக்கோல் தேவை. அதனை நம் கையில்தான் இறைவன் தந்திருக்கிறார்.