நீங்க இப்போ எந்த ஃபோல்டர்ல நிக்கிறீங்க?

மொபைலில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் கண் முன்னாடி இருக்கும். தொட்டால் போதும், திறந்துடும். லினக்ஸ் கமாண்ட் லைனில் அந்த சொகுசு கிடையாது. கறுப்புத் திரை, சிமிட்டும் கர்சர்... அவ்வளவுதான். ஆனா, அங்கேயும் நீங்கள் எப்போதும் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள்தான் நிற்கிறீர்கள். கொடுக்கிற கட்டளையும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வேலை செய்யும். அதனால இடம் தெரிஞ்சிருக்கணும்.

எங்கே இருக்கேன்?

சின்ன ஆங்கில எழுத்துகளில் 'பி.டபிள்யூ.டி' என்று டைப் செய்யுங்கள். பொதுப்பணித்துறை இல்லைங்க, நிற்கும் இடத்தின் முழு முகவரியைக் காட்டும் கட்டளை. 'எல்.எஸ்' கொடுத்தால் அங்கே என்னென்ன இருக்குன்னு பட்டியல் வரும்.

எப்படிப் போறது?

'சி.டி' என அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஃபோல்டர் பெயரைக் கொடுங்கள். பெயருக்குப் பதில் இரண்டு புள்ளி (..) வைத்தால் ஒரு படி மேலே போகலாம். ஒரு சின்னக் கோடு (-) போட்டால் கடைசியாக இருந்த இடத்துக்குத் திரும்பலாம். எதுவுமே கொடுக்காமல் வெறும் 'சி.டி' அடித்தால் நேரே உங்கள் ஹோம் ஃபோல்டர்தான். பாதை '/' குறியில் ஆரம்பித்தால் அது முழு முகவரி. இல்லையென்றால், நிற்கும் இடத்திலிருந்து வழி சொல்வது.

எங்கே சறுக்கும்?

லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஒரு எழுத்து மாறினாலும் 'அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை' என்று சொல்லிவிடும். நீங்கள் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். அதைக் கவனிக்காமல், தேவையில்லாத ஃபைல்களை அழிப்பதாக நினைத்து 'ஆர்.எம் *' அடித்தால்? பழைய ஃபோல்டரில் இருக்கும் போட்டோ, புராஜெக்ட் ஃபைல் எல்லாம் காலி. இங்கே ரீசைக்கிள் பின்னும் கிடையாது பாஸ்!

தப்பிக்க மூணு வழி:

* பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் கீயைத் தட்டுங்கள். மீதியை ஷெல்லே நிரப்பும்.
* இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் '&&' போடுங்கள். 'சி.டி' பலித்தால் மட்டுமே அடுத்தது ஓடும்.
* எதையாவது அழிக்கும் முன் 'பி.டபிள்யூ.டி' கட்டாயம்.

பழகிப் பார்க்க லேப்டாப்கூட வேண்டாம். ஆண்ட்ராய்டில் 'டெர்மக்ஸ்' என்ற இலவச ஆப் இருக்கு. காலி ஃபோல்டர் ஒண்ணு உருவாக்கி, இன்னைக்கே உள்ளே வெளியே நடந்து பாருங்க!