இளவேனிலில் ஒரு கொல்லைத் தோட்டம்

வசந்தம் என்றதும் மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களில் கண்ட பனிநாட்டுக் காட்சி நினைவுக்கு வரலாம். அங்கே பனி உருகி, மண்ணில் ஈரம் ஊறி, அதன் பின்னர் மலர் வருகிறது. நம் தஞ்சைத் தரணியிலோ முறை வேறு. சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். அப்பொழுது சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெடித்துக் கிடக்கும்; காவிரியில் மணல்தான் தெரியும். பாசனத்துக்காக மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அணையில் நீர் குறைந்தால் திறப்பு நாளும் தள்ளிப்போகும். இந்த வறண்ட இடைவெளியில்தான் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள என் வீட்டுக் கொல்லையில் மலர்கள் மிகுதியாகப் பூக்கின்றன. அது எப்படி என்று சற்று ஆராய்வோம்.

முதலில் மல்லிகை. இதன் அரும்புகள் புதுத் தளிர்களின் நுனியில் தோன்றுபவை. ஆகவே நவம்பர்க் கடைசியில், தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டுச் செடியைக் கவாத்து செய்துவிடுகிறேன். மழைக்காலத்து ஈரம் மண்ணில் இருக்கும்போதே பல புதிய கிளைகள் துளிர்க்கின்றன. பங்குனி தொடங்கி அவை அரும்பு கட்டுகின்றன. வேனிற்பூவுக்குரிய வேலை கார்த்திகையிலேயே முடிந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

அடுத்து, வாயிலின்மேல் படர்ந்துள்ள காகிதப்பூ. இதன் தாயகம் தென் அமெரிக்கா. பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடி உலகைச் சுற்றிவந்தபோது, அவருடன் சென்ற கொமெர்சோன் என்ற தாவர அறிஞர் 1767-இல் பிரேசில் நாட்டில் இதனைக் கண்டார். கப்பல் தலைவரின் பெயரே செடிக்கு வாய்த்தது. நாம் இதழ்கள் என்று கருதும் செந்நிறப் பகுதிகள் உண்மையில் நிறம் மாறிய இலைகள். அவற்றின் நடுவே சிறு குழல்போல் நிற்கும் வெண்ணிறப் பூக்களே மலர்கள். நீரும் தழைச்சத்தும் மிகுந்தால் இச்செடி கிளையையும் இலையையும் பெருக்கும். மண் காய்ந்தால் பூக்கும். ஆதலால் இலை சற்றுத் துவண்ட பின்னரே இதற்கு நீர் விடுகிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பந்துப்பூ வேறொரு வழியைக் கையாளுகிறது. தனக்கு வேண்டிய நீரையும் உணவையும் அது கிழங்கில் சேமித்துக்கொள்கிறது. இலைகள் காய்ந்தபின் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. கோடைமழை ஒன்று பெய்தால், பெரும்பாலும் மே மாதத்தில், தண்டு எழுந்து செம்பந்து ஒன்றை விரிக்கிறது.

எல்லாச் செடிகளும் இவ்வாறு வறட்சியைத் தாங்குவதில்லை. குரோட்டன்ஸ் செடியின் அகன்ற இலைகளிலுள்ள நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மண்தொட்டியின் பக்கங்களும் நீரைக் கசியவிடும். கிணறு ஆழத்துக்குப் போய்விட்ட நாட்களில், வீட்டாரும் மாடுகளும் குடித்தது போக எஞ்சுவது சில குடங்களே. அவற்றைப் பங்கிடுவதுதான் கோடையில் தோட்டக்காரனின் தலையாய வேலை. குரோட்டன்ஸ் தொட்டிகளைப் பந்தல் நிழலுக்கு மாற்றுகிறேன். இட்லிப்பூ என்று வழங்கும் வெட்சிக்கும் செம்பருத்திக்கும் வேரடியில் சம்பா வைக்கோலைப் பரப்புகிறேன். வெயில் நேரே படாததால் மண்ணின் ஈரம் நெடுநேரம் தங்குகிறது. வெயில் தாழ்ந்த பின்னரே நீர் ஊற்றுகிறேன்.

மாணவர்களும் இதனை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே வகைச் செடியை வைத்து, ஒன்றின் மண்ணை மட்டும் வைக்கோலால் மூடுங்கள். இரண்டுக்கும் சம அளவு நீர் ஊற்றுங்கள். மறுநாள் மாலையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். எந்தத் தொட்டிக்கு அன்று நீர் வேண்டாம் என்பதை உங்கள் விரலே சொல்லிவிடும்.