தொலைந்த ரிமோட்டை மறக்கச் செய்யுங்கள்!

அலிபாபா கதை தெரியும் அல்லவா? திருடர்கள் மந்திரம் சொன்னார்கள், குகை திறந்தது. மறைந்திருந்து கேட்ட அலிபாபாவும் அதையே சொன்னான். அவனுக்கும் திறந்தது! குகைக்கு ஆளைத் தெரியாது. சொல்லைத்தான் தெரியும்.

காரில் தனியாக வாங்கிப் பொருத்தும் அலாரமும் அப்படித்தான். அதற்கு முதலாளியைத் தெரியாது. ரிமோட்டைத்தான் தெரியும்.

திருவிழாக் கூட்டத்தில்...

பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோவிலில் பங்குனியில் குண்டம் திருவிழா. பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு காரில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் அவருடைய ரிமோட் கழன்று விழுந்துவிடுகிறது. மறுநாள் கடைக்குப் போய்ப் புதிய ரிமோட் வாங்கிப் பதிவு செய்கிறார். அது வேலை செய்கிறது.

கவலை தீர்ந்ததா? இல்லை! விழுந்த ரிமோட்டும் வேலை செய்யும். அதை எடுத்தவன் கார் நிற்கும் இடத்தில் பட்டனை அழுத்தினால் போதும். "இதோ இருக்கிறேன்" என்று காரே குரல் கொடுக்கும்!

மாறும் எண்

முன்பு ரிமோட்டுகள் எப்போதும் ஒரே எண்ணை அனுப்பின. அதைக் களவாகப் பதிவு செய்து, திரும்ப அனுப்பித் திருடர்கள் காரைத் திறந்தார்கள்.

இதைத் தடுக்க 1980-களில் தென் ஆப்பிரிக்காவில் "கீலாக்" என்ற முறை உருவானது. 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது. இம்முறையில் ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் எண் மாறும். ரிமோட்டும் காரில் உள்ள பெட்டியும் ஒரே கணக்கை வைத்திருக்கும். ஒரு முறை வந்த எண் மறுபடி செல்லாது.

குழந்தை வீட்டில் ரிமோட்டை அழுத்தி விளையாடினால் கணக்குத் தப்புமே? கொஞ்சம் தப்பினால் பெட்டியே சரி செய்துகொள்ளும். அதிகம் தப்பினால், கார் அருகே நின்று அடுத்தடுத்து இரு முறை அழுத்த வேண்டும்.

2008-ல் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பூட்டையும் உடைத்துக் காட்டினார்கள். ஆனால், கீழே கிடந்த ரிமோட்டை எடுத்தவனுக்கு அந்த வித்தை எதுவுமே தேவை இல்லை!

என்ன செய்ய வேண்டும்?

அதே அலாரத்துக்கு உரிய ரிமோட்டையே வாங்குங்கள். வேறு அலைவரிசை என்றால் பெட்டிக்குக் கேட்காது.

பதிவு செய்யும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக, கார் சாவியைத் திருப்பி, மறைவாக உள்ள சிறு சுவிட்சைக் குறிப்பேட்டில் சொன்னபடி அழுத்துவார்கள். சைரன் ஒலிக்கும் அல்லது விளக்கு மின்னும். உடனே புதிய ரிமோட்டை அழுத்தினால் பெட்டி அதை ஏற்றுக்கொள்ளும்.

பல பெட்டிகள் நான்கு ரிமோட்டுகள் வரை நினைவில் வைக்கும். ஆகவே புதியதைச் சேர்த்தாலும் பழையது உள்ளேயே இருக்கலாம். வீட்டில் உள்ள எல்லா ரிமோட்டுகளையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். "பழைய பதிவு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இவற்றை மட்டும் சேருங்கள்" என்று கேளுங்கள்.

புதியதைச் சேர்ப்பது பாதி வேலை. பழையதை நீக்குவதே மீதி வேலை!