நொண்டும் வாத்தும் அரசனின் பந்தியும்



நேர்மையாளரை அடையாளங் காண்பதற்கு நீதிமொழிகள் நூல் (12:10) நாம் எதிர்பாராத ஓர் அளவுகோலைத் தருகின்றது. அவர் எத்தனை முறை ஆலயத்திற்குச் சென்றார் என்றோ, எவ்வளவு காணிக்கை கொடுத்தார் என்றோ அவ்வசனம் வினவவில்லை. தம் வீட்டில் வளரும் வாயற்ற உயிர்களின் தேவையை அவர் அறிந்திருக்கிறாரா என்றே வினவுகின்றது.

அண்மையில் வயது முதிர்ந்த தாயொருவர் எம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். அவருடைய பிள்ளைகள் அனைவரும் வெளிநாட்டில் இருக்கின்றனர். பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குத் துணையாகவும் காவலாகவும் இருந்தது ஒரு வாத்து. படலை திறக்கும் ஓசை கேட்டதும் கழுத்தை நீட்டிக் கத்தி, வருவோர் எவராயினும் தடுத்து நிறுத்திவிடும். இப்போது அது முட்டை இடுவதில்லை. ஒரு காலை ஊன்ற இயலாமல் கிணற்றடியிலேயே படுத்துக் கிடக்கின்றது. “நத்தாருக்கு வெட்டிப் போடுங்கோ அம்மா” என்று மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். “சுவாமி, இதை வெட்டுறது பாவமோ, இல்லாட்டி இதுக்குக் காசு செலவழிச்சுப் பார்க்கிறது பாவமோ?” என்பதே அத்தாயின் கேள்வி.

சிறிய கேள்வி போலத் தோன்றினாலும் இதனைச் சிரித்துக் கடந்துவிட முடியாது.

திருச்சபை கற்பிப்பது என்ன?

1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2415 முதல் 2418 வரையான பகுதிகளில் இதற்குத் தெளிவான பதிலைத் தருகின்றது. விலங்குகள் இறைவனின் படைப்புகள்; அவற்றின் மீது இரக்கம் காட்டுவது நமது கடன். உணவுக்காகவும் உடைக்காகவும் அவற்றைப் பயன்படுத்துவது தவறன்று. ஆனால் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது. அதே வேளை, மனிதத் துயரைத் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்கென வாரி இறைப்பதும், மனிதருக்கு மட்டுமே உரிய பாசத்தை அவற்றின் மேல் வைப்பதும் பொருத்தமற்றவை.

ஆகவே, உணவுக்காக வாத்தை அறுப்பது தன்னிலே பாவமன்று. அதனைப் பராமரிப்பதும் பாவமன்று. ஆனால் இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. நம்மில் பலர் அதையே தெரிவு செய்கின்றோம். அறுக்கவும் மாட்டோம், கவனிக்கவும் மாட்டோம். வலியோடு ஒரு மூலையில் கிடக்கட்டும் என விட்டுவிடுவோம். நம் மனச்சாட்சி கேள்வி கேட்க வேண்டியது இந்த இடத்திலேயாகும்.

முதிர்ந்த வாத்தின் கால்கள்

நன்கு பராமரிக்கப்படும் வாத்து 20 ஆண்டுகள் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் வாழக்கூடியது. அதன் கனத்த உடலை இரண்டு கால்களே தாங்குகின்றன. தண்ணீருக்கும் புல்தரைக்கும் ஏற்ற வகையில் இறைவன் அமைத்த பாதங்கள் அவை. சீமெந்து முற்றத்திலும் கூரிய கற்களின் மேலும் ஆண்டுக்கணக்காக நடக்கும்போது உள்ளங்கால் தோல் தேய்ந்து காயமடைகின்றது. காயத்தின் வழியே கிருமிகள் புகுந்தால், உள்ளே கட்டியான சீழ் உருவாகி, மேலே கறுத்த பொருக்கு மூடிக்கொள்ளும். கவனியாது விட்டால் அது எலும்பையும் மூட்டையும் தாக்கும். இதனை வீட்டில் கத்தி கொண்டு கீறிவிட முயலக்கூடாது; கால்நடை வைத்தியரே செய்ய வேண்டிய காரியம் அது.

வயதினால் வரும் மூட்டு வாதமும் உண்டு. சிறுநீரகம் பழுதடைவதால் யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வீக்கத்தை உண்டாக்குவதும் உண்டு. சோறும் பாணும் மிகுதியாகத் தின்று கொழுத்த வாத்துக்கு நோவு இரட்டிப்பாகும். புல்லே அதன் இயல்பான உணவு. முட்டையிடாத வாத்துக்கு, முட்டைக் கோழிகளுக்கான சுண்ணாம்புச் சத்து மிகுந்த தீவனத்தைத் தொடர்ந்து கொடுப்பதும் சிறுநீரகத்திற்குச் சுமையாகும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. வாரம் ஒரு முறை அதன் உள்ளங்கால்களைப் பாருங்கள். தூக்கும்போது காலிலோ செட்டையிலோ பிடித்துத் தூக்காமல், செட்டைகளை உடலோடு அணைத்து அடிப்புறத்தைத் தாங்கித் தூக்குங்கள். படுக்கும் இடத்தில் காய்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்ததும் மாற்றிவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் வாத்தின் நுரையீரலுக்கு ஆகாது. தீனும் தண்ணீரும் நடக்காமலே எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் கிடைக்குமானால் அதில் சிறிது நேரம் விடுங்கள்; உடலின் பாரம் கால்களை விட்டு நீங்க, அது ஆறுதல் பெறும். துணை வாத்து இருந்தால் முற்றாகப் பிரித்துவிடாதீர்கள். பணி முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். நாம் விழுங்கும் நோவு மாத்திரையை நொறுக்கி வாத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1990களில் இந்தியாவிலும் அயல் நாடுகளிலும் பிணந்தின்னிக் கழுகுகள் பெருந்தொகையாக மடிந்தன. டைக்ளோபெனாக் என்ற நோவு மருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்று, சிறுநீரகம் செயலிழந்தே அவை இறந்தன என்பது 2004இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் கால்நடைகளுக்கான அம்மருந்தைத் தடை செய்தன. மனிதருக்கு மருந்தாவது பறவைக்கு நஞ்சாகலாம்.

காலணி அணிந்த வாத்து

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1987இல் பாதங்கள் இல்லாமலே ஒரு வாத்து பிறந்தது. ஹேஸ்டிங்ஸ் நகரைச் சேர்ந்த ஜீன் பிளெமிங் என்பவர் அதனைப் பொறுப்பேற்று, குழந்தைகளின் காலணிகளைப் பொருத்தி, நிமிர்ந்து நடக்கப் பழக்கினார். ஆண்டி என்று பெயரிடப்பட்ட அவ்வாத்து, மாற்றுத்திறனாளிகளான சிறுவர் பலருக்கு உற்சாகமூட்டும் தோழனாயிற்று. போரினால் காலிழந்தோர் பலர் வாழும் நம் மண்ணில் இந்நிகழ்வின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பலவீனமான ஓர் உயிருக்குக் காட்டப்பட்ட இரக்கம் அதனோடு நின்றுவிடவில்லை. அதனைப் பார்த்த மனிதருக்கும் அது நம்பிக்கையாயிற்று.

அரசனின் பந்தியில்

அன்பார்ந்தவர்களே, திருவிவிலியத்திலும் ஊனமுற்ற கால்களின் கதையொன்று உண்டு. யோனத்தானின் மகன் மெபிபொசேத்து ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய செவிலித்தாயின் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமாயின (2 சாமுவேல் 4:4). பின்னாளில் தாவீது அரசர் அவனைத் தேடி அழைப்பித்தார். தன்னைச் செத்த நாய்க்கு ஒப்பிட்டுக்கொண்ட அம்மனிதனை நாள்தோறும் தம் பந்தியில் அமர்த்தினார் (2 சாமுவேல் 9). அரசருக்கு அவனால் எந்தப் பயனும் இல்லை. யோனத்தானோடு செய்துகொண்ட அன்பின் உடன்படிக்கை ஒன்றே போதுமானதாக இருந்தது.

பயன் தீர்ந்தபின்னும் தொடர்வதே உண்மையான அன்பு. நொண்டும் வாத்தை வீட்டார் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். உழைத்துத் தேய்ந்த உயிருக்கு இந்த வீட்டில் இடமுண்டா என்பதை அவர்கள் அங்கேயே கற்றுக்கொள்கின்றனர். நாளை நமது முழங்கால்கள் வலிக்கும்போது, அந்தப் பாடத்தின்படியே நம்மையும் நடத்துவார்கள்.

எனவே அத்தாய்க்கு நாம் கூறிய பதில் இதுவே: “உங்களால் இயன்ற அளவு பாருங்கோ அம்மா. கடன்படத் தேவையில்லை. வைக்கோலும் தண்ணீரும் போதும். வைத்தியரிடம் ஒரு முறை காட்டுங்கோ. குணமாகாத வேதனை என்று அவர் சொன்னால், நோவின்றி அதன் உயிரை முடிப்பதும் இரக்கமே.” இந்த முடிவு விலங்குகளுக்கு மட்டுமே உரியது. இறைச்சாயலில் படைக்கப்பட்ட மனித உயிரை, அது எவ்வளவு நலிந்திருந்தாலும், இயற்கையான முடிவுவரை காப்பது நமது கடமை.

அம்மகனுக்கும் ஒரு செய்தியை நாம் சொல்லி அனுப்பினோம். வாத்தின் காலைப் பற்றிப் பேசிய அந்தத் தொலைபேசியில், தாயின் கால் நோவு எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்கும்படி.

தம் சீடரின் தூசி படிந்த பாதங்களைக் குனிந்து கழுவிய ஆண்டவரே, எங்கள் வீடுகளில் தளர்ந்து போன பாதங்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். எங்களை நாடி வாழும் எவ்வுயிரையும் சுமையென எண்ணாத இதயத்தை எங்களுக்கு அருளும். ஆமென்.